வாத்துக் கழுத்து அறுந்த காலை

போன வாரம், மேசையில் சாப்பாடு ஆறிக்கொண்டிருக்க, "சாயங்காலம் ஆனா எங்கடா காணாமப் போறே?" என்று அக்கா கேட்டதற்குப் பதில் சொல்லாமல் தம்பி எழுந்து போனான். அன்றிலிருந்து அவன் அக்கா வீட்டுப் பக்கம் தலைகாட்டவில்லை. ரோடு ஆபீஸ் கொட்டகையிலேயே சாப்பாடு, அங்கேயே தூக்கம். அக்காவும் வா என்று கூப்பிடவில்லை. ரோஷத்தில் இரண்டு பேரும் ஒரே அச்சு.

அந்த ரோஷம் தணிவதற்குள் வாத்துக் கழுத்து அறுந்துவிட்டது.

இந்த வாரம்தான் நம்மோடு சேர்ந்துகொள்கிறவர்களுக்கு வாத்தைப் பற்றி ஒரு வார்த்தை. ஊருக்கு எதிர் மலையில் குளிர்காலம் முழுக்க ஒரு பெரிய பனித் திட்டு கிடக்கும். மேலே பருத்த உடம்பு, கீழே சின்னத் தலை, நடுவில் ஓடைப் பள்ளத்தை அடைத்துக்கொண்டு வளைந்த கழுத்து. குனிந்து இரை தேடும் வாத்து என்று ஊர் சொல்லும். வெயில் ஏற ஏறக் கழுத்து மெலிந்து, ஒருநாள் காலையில் பார்த்தால் நடுவில் அறுந்திருக்கும். கழுத்தே கரைகிற அளவுக்கு வெயில் அடித்துவிட்டால் மேல்குடியிருப்புக்குப் போகும் மேல்பாதையின் தலைக்கு மேலே தொங்கும் பனியெல்லாம் சரிந்து விழுந்து முடிந்தது, இனி வண்டியும் ஆடும் தைரியமாக ஏறலாம் என்று கணக்கு. ரோடு ஆபீஸ் மாட்டி வைக்கும் பலகையை இந்த ஊரில் ஒருத்தரும் சீந்த மாட்டார்கள். வாத்து சொன்னால் சொன்னதுதான்.

ஆனால் கழுத்து அறுந்ததை ஊரே வாசலில் நின்று பார்த்தாலும், ஊர் ரேடியோவின் காலைச் செய்தியில் அக்கா அதை வாசிக்கும் வரை ஒரு சக்கரம் நகராது. அவளுடைய அப்பா மைக்குக்கு முன்னால் உட்கார்ந்த காலத்திலிருந்தே அப்படித்தான். ஊரில் முக்கால்வாசிப் பேருக்கு அவள் சொந்தப் பெயர் மறந்தேபோய்விட்டது. செய்தியக்கா என்றால்தான் தெரியும்.

"ஏய், எழுந்து வந்து பாரு! அறுந்தாச்சு!" என்று வாசலிலிருந்து கத்தினார் அவள் கணவர்.

மேல்குடியிருப்புக்கு வேன் ஓட்டுவது அவர் தொழில். பனி விழுந்த நாளிலிருந்து வேனைக் கொட்டகையில் போட்டுவிட்டு, வீட்டில் எல்லோருடைய காலிலும் இடறிக்கொண்டிருந்த மனுஷன். இன்றைக்கு விடிந்தும் விடியாமலும் வாளியும் துணியுமாக வேனைச் சுற்றிச் சுற்றி வந்தார். சீட்டி வேறு.

அவரைவிட அவசரம் அவருடைய அம்மாவுக்கு. அத்தை நல்ல உடுப்பைப் போட்டுக்கொண்டு, தலையை அழுந்த வாரி, பெட்டியோடு வேனின் முன்சீட்டில் ஏறி உட்கார்ந்தேவிட்டாள். குறை சொல்ல முடியாது. மேல்குடியிருப்பில் வாழ்க்கைப்பட்ட மகளுக்கு நடுக்குளிரில் குழந்தை பிறந்திருந்தது. "பொண்ணும்மா, ரெண்டு பேரும் நல்லா இருக்கோம்" என்று மகள் பேசியதுதான் கடைசி. அடுத்த பனியிலேயே மேல்குடியிருப்புக்கான போன் டவர் செத்துப்போனது. அதற்கப்புறம் மேலே இருப்பவர்கள் ரேடியோவில் ஊர்ச் செய்தியைக் கேட்கலாம். அவர்கள் பேச்சு கீழே வர வழியில்லை. பேத்தியின் முகம் வட்டமா நீளமா என்றுகூடத் தெரியாமல் அத்தை பல்லைக் கடித்துக்கொண்டு நாளை ஓட்டியிருந்தாள்.

"சீக்கிரம் போய் வாசிச்சுத் தொலை," என்றாள் அத்தை, கண்ணாடியை இறக்கி. "ஆடு காணோம், நாய் காணோமெல்லாம் அப்புறம் படிச்சுக்கலாம். முதல்ல வாத்தைச் சொல்லு."

"சரிங்க அத்தை," என்று சிரித்துக்கொண்டே கிளம்பினாள் அக்கா. அந்தச் சிரிப்பு ரேடியோ நிலையத்துப் படி ஏறும்வரைதான் தாங்கியது.

நிலையம் என்றால் பெரிதாக ஒன்றுமில்லை. மாவு மில்லுக்கு மேலே ஒற்றை அறை. ஒரு மேசை, ஒரு மைக், இரண்டு ஸ்டூல், எதையும் பிடித்து நிறுத்தாத ஒரு கதவு. ஜன்னலைத் திறந்தால் நேர் எதிரே வாத்து. கீழே மில் சுவரை ஒட்டி ஓடை.

வழக்கப்படி பைனாகுலரைக் கண்ணில் வைத்தாள்.

கழுத்து அறுந்துதான் இருந்தது, சந்தேகமில்லை. ஆனால் வெயில் அறுத்த கழுத்தை அவளுக்குத் தெரியும். ஓரங்கள் மெலிந்து, பிசிறு பிசிறாக, நடுவில் ஈரப் பாறை மினுங்கும். இதுவோ இரண்டு பக்கமும் ஆள் உயரத்துக்குச் செங்குத்தாக, கத்தி வைத்து கேக் வெட்டிய மாதிரி நின்றது. வெட்டின பனி ஒரே பக்கமாகக் குவிந்து கிடந்தது. கீழே ஓடையைப் பார்த்தாள். கழுத்து அறுந்தால் ஓடை கலங்கிப் போய் மில் சுவரில் மோத வேண்டும். அது பாட்டுக்கு மெலிசாக, தெளிவாக ஓடிக்கொண்டிருந்தது.

வெயில் பனியை உருக்கும், சரி. அள்ளி ஓரமாகக் குவித்து வைக்குமா?

பனி அள்ளும் மெஷின் இந்த வட்டாரத்திலேயே ஒன்றுதான். அதை ஓட்டுகிறவன் அவள் தம்பி.

தம்பிக்குப் போன் போட்டாள். மணி அடித்து அடித்து ஓய்ந்தது. மறுபடி போட்டாள். எடுக்கவில்லை. செய்தி நேரம் வந்துவிட்டது. மைக்கைத் தட்டினாள்.

"வணக்கம். காலைச் செய்தி. கால்நடை டாக்டர் இன்றைக்குக் கீழ்ச்சந்தைக்கு வருகிறார். இருமும் ஆடுகளைத் தனியாகக் கட்டி வைக்கச் சொல்லியிருக்கிறார். மரப்பாலத்தில் நடுப்பலகை ஒன்று பெயர்ந்திருக்கிறது, சைக்கிளில் போகிறவர்கள் இறங்கித் தள்ளிக்கொண்டு போகவும். விதை உருளைக்கிழங்கு கூட்டுறவுக் கடைக்கு வந்துவிட்டது. தேன்பெட்டி வைத்திருக்கிறவர்கள் அவசரப்பட்டு மூடியைத் திறக்க வேண்டாம், குளிர் இன்னும் விட்டபாடில்லை. தபால்காரர் வீட்டுப் பழுப்பு நாய் தானாகவே வீட்டுக்கு வந்துவிட்டது, தேடியவர்களுக்கு நன்றி."

ஒரு மிடறு தண்ணீர் குடித்தாள். அடுத்த வரிகளை அவள் வாசிக்கவில்லை. பேசினாள்.

"கடைசிச் செய்தி. வாத்துக் கழுத்து அறுந்திருக்கு. நானும் பார்த்தேன். ஆனா மேல்பாதை திறந்ததுன்னு நான் சொல்லப் போறதில்ல. அது தானா அறுந்த மாதிரி தெரியல. விசாரிச்சிட்டு வந்து சொல்றேன். அதுவரைக்கும் யாரும் மேல ஏறாதீங்க."

அவ்வளவுதான். மைக்கை அணைப்பதற்குள் போன் அலற ஆரம்பித்தது. ஆட்டுக்காரர் ஒருத்தர், "என்னக்கா விளையாடறீங்களா? கண்ணு முன்னால அறுந்து கிடக்கு!" என்றார். கூட்டுறவுக் கடைக்காரர், "செய்தியக்காவுக்கு உடம்புக்கு ஏதாவது...?" என்று இழுத்தார். மூன்றாவது போனை எடுக்குமுன் மரப்படி தடதடவென்று அதிர்ந்தது. கணவர்.

"என்ன பண்ணி வெச்சிருக்கே நீ?"

"அது வெயில் அறுத்ததில்லைங்க. வந்து இதுல பாருங்க."

அவர் பைனாகுலரை வாங்கவே இல்லை. "எங்கம்மா வண்டியில உக்காந்து அழறாங்க. என் மருமக என்னை என் பொண்ணுகிட்ட போக விடமாட்டேங்கறாளேன்னு ஊர் கேக்கச் சொல்றாங்க. ஆட்டுக்காரங்க மரப்பாலத்துல மந்தையைக் கொண்டு வந்து நிறுத்திட்டாங்க. டீயைக் குடிச்சிட்டுக் கிளம்பறதாச் சொல்றாங்க. அவங்க ஏறினா, என் வண்டியில இருக்கறவங்க என்னைச் சும்மா விடுவாங்களா?"

"ஏறினா பனி தலையில இறங்கும். மேல்பாதை வளைவுல ஒதுங்க இடம் ஏது?"

"அப்ப காரணத்தைச் சொல்லு! தானா அறுந்த மாதிரி தெரியலைன்னா யாரு ஒத்துக்குவா? வேற யாரு போய் அறுத்தாங்கன்னு கேப்பாங்க. சொல்லு, யாரு?"

அவள் பைனாகுலரை மேசையில் வைத்துவிட்டு, மைக்கின் ஒயரைச் சரிசெய்தாள்.

கணவர் ஒரு நிமிடம் அவளையே பார்த்தார். பிறகு குரல் தணிந்தது. "உங்க வீட்டு ஆளா?"

அவள் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டாள்.

"ஊர்ல எல்லார் வீட்டுச் சங்கதியையும் மைக்குல சொல்றே. நம்ம வீட்டுதுன்னா மட்டும் தொண்டை அடைச்சுக்குமா?"

சுளீரென்று விழுந்தது அது. கோபத்தில் சொன்னதுதான், ஆனால் பொய்யில்லை.

"பாலத்துல போய் நில்லுங்க," என்றாள் அவள். "வேனைக் குறுக்கே போட்டு நிறுத்துங்க. நான் வர்ற வரைக்கும் ஒரு ஆடு தாண்டக் கூடாது. டீக்கடை ரேடியோவை நல்லா சத்தமா வைக்கச் சொல்லுங்க. யாருன்னு நான் சொல்றேன்."

ரோடு ஆபீஸ் கொட்டகை ஊர்க்கோடியில் இருந்தது. தம்பி ரப்பர் பூட்ஸோடு மெஷினைக் கழுவிக்கொண்டிருந்தான். ஆறடி உயரம், மெஷினுக்குப் பொருத்தமான உடம்பு. ஊர் அவனை டோசர் என்றுதான் கூப்பிடும். அக்கா வருவதைப் பார்த்ததும் அந்த உடம்பு அப்படியே குறுகிவிட்டது. குழாயை அணைக்கக்கூடத் தோன்றவில்லை அவனுக்கு.

மெஷினின் வாயில் செம்மண் அப்பியிருந்தது. இந்தப் பக்கத்தில் ஓடைப் பள்ளத்தைத் தவிர வேறெங்கும் செம்மண் கிடையாது. அவள் அதைக் கையால் காட்டினாளே தவிர, ஒன்றும் கேட்கவில்லை.

"டவருக்குப் போற தடத்தைத் திறந்துவிட்டேன்க்கா," என்றான் அவன். "சாயங்காலம் சாயங்காலமா கொஞ்சம் கொஞ்சமா. நேத்து பள்ளத்தைத் தாண்டிட்டேன். இனிமே ரிப்பேர் ஆளுங்க போயிடலாம்."

"பள்ளத்தைத் தாண்டினியே, அது வாத்துக் கழுத்துடா!"

"மேல நின்னா வாத்தும் தெரியல, கழுத்தும் தெரியலக்கா. வெறும் பனி. சுத்திலும் பனி. பள்ளம் அடைச்சிருந்தது, வெட்டினேன். இருட்டினப்புறம்தான் இறங்கி வந்தேன். காலைல பல்லு தேய்ச்சுக்கிட்டே நிமிர்ந்து பாக்கறேன்..." அவன் மலையைக் காட்டினான். "எனக்குக் கையும் ஓடல, காலும் ஓடல."

"போனை எடுத்துச் சொல்றதுக்கு என்ன கேடு?"

"இந்த மாசம் வேலையை நிரந்தரமாக்கறதாச் சொல்லியிருக்காங்க. எழுத்துல உத்தரவு இல்லாம மெஷினை எடுத்தேன்னு தெரிஞ்சா, உள்ளதும் போயிடும்."

"உன்னை யாரு வெட்டச் சொன்னது?"

அவன் தரையைப் பார்த்தான். "யாரும் சொல்லல. நானாத்தான். டவர் வேலை செஞ்சா அத்தை அந்தக் குழந்தை குரலையாவது கேக்கட்டுமேன்னு."

அவளுக்கு அவனை நாலு சாத்தவும் வேண்டும், கட்டிக்கொள்ளவும் வேண்டும் போலிருந்தது. இரண்டுக்கும் நேரமில்லை.

"அக்கா, ஒண்ணு பண்ணேன்," என்றான் அவன் மெதுவாக. "மேல்பாதை ரிப்பேர்ல இருக்குன்னு சொல்லிடு. யாரும் ஏற மாட்டாங்க. என் பேரும் வராது."

"நாளைக்கு என்ன சொல்ல? நாளன்னைக்கு? நிமிர்ந்து பாத்தா கழுத்து அறுந்தே இருக்குமேடா. நான் இல்லாத நேரமாப் பாத்து எவனாவது நம்பி ஏறிட மாட்டானா? இந்த வருஷம் வாத்து சொல்றது செல்லாதுன்னு ஊருக்குத் தெரிஞ்சாகணும். ஏன் செல்லாதுன்னும் தெரிஞ்சாகணும். இல்லேன்னா நம்ப மாட்டாங்க."

குழாய்த் தண்ணீர் அவன் பூட்ஸை நனைத்துக்கொண்டு ஓடியது.

"நீ வந்து சொன்னா நல்லது," என்றாள் அக்கா. "வரலைன்னாலும் நான் சொல்லுவேன். உன் பேரோட சொல்லுவேன். அப்புறம் வீட்டுக்குப் போய் அழுவேன், அது வேற."

அவள் திரும்பி நடந்தாள். கொட்டகை வாசலைத் தாண்டியபோது பின்னால் குழாய் நின்ற சத்தம் கேட்டது. அப்புறம் ரப்பர் பூட்ஸின் சளக் சளக். அவள் திரும்பிப் பார்க்கவில்லை, ஆனால் நடையைக் கொஞ்சம் குறைத்தாள்.

நிலையத்து ஜன்னலிலிருந்து மரப்பாலம் நன்றாகத் தெரிந்தது. சொன்னபடி வேன் குறுக்கே நின்றிருந்தது. அதைச் சுற்றி மந்தை, அதைச் சுற்றி மனிதர்கள். கணவர் வேன் படியில் ஏறி நின்று, கையை நீட்டி நீட்டி யாரையோ அதட்டிக்கொண்டிருந்தார். சண்டை போட்டாலும் சொன்னதைச் செய்கிற மனுஷன். அவளுக்கு அந்த நேரத்தில் அவர்மேல் கொள்ளைப் பிரியம் வந்தது.

மைக்கைப் போட்டாள். "செய்தியக்கா பேசறேன். சொன்னபடி விசாரிச்சிட்டேன். வாத்துக் கழுத்தை வெயில் அறுக்கல, ஆள் அறுத்தது. அறுத்த ஆளே பேசறார். என் தம்பி."

அவன் ஸ்டூலின் நுனியில் உட்கார்ந்தான். மெஷினைத் தவிர வேறெதற்கும் முன்னால் உட்கார்ந்து பழகாதவன். மைக்கைப் பார்த்து இருமினான்.

"நான் டோசர் பேசறேன். டவருக்குத் தடம் வெட்டறப்ப கழுத்தை வெட்டிட்டேன். தெரியாமத்தான் செஞ்சேன், ஆனா செஞ்சது நான்தான். காலைல தெரிஞ்சும் பயந்துக்கிட்டு வாயை மூடிக்கிட்டு இருந்தேன். அதுதான் பெரிய தப்பு. மேல்பாதை வளைவுக்கு மேல பனி அப்படியே தொங்குது, என் கண்ணால பாத்தேன். அங்க சத்தமா இருமக்கூட பயமா இருந்தது. யாரும் போகாதீங்க. என்னைத் திட்டணும்னா கொட்டகைக்கு வாங்க, இருக்கேன்."

எழுந்துவிட்டான். முகமெல்லாம் வேர்வை.

அக்கா மைக்கை இழுத்துக்கொண்டாள். "அப்ப எதைப் பாத்து ஏறறதுன்னு கேப்பீங்க. இந்த வருஷம் வாத்தை மறந்துடுங்க. தினம் ஒரு ஆள் ஏறாம கீழ்வளைவுல இருந்தே மேல தொங்கற பனியைப் பாத்துட்டு வரட்டும். வந்து என்கிட்ட சொல்லட்டும். நான் உங்ககிட்ட சொல்றேன். பாதை திறந்த அன்னைக்கு வழக்கமான வார்த்தையிலயே சொல்றேன்."

பாலத்தில் தலைகள் எல்லாம் டீக்கடை ரேடியோவிலிருந்து வாத்தின் பக்கம் திரும்பின. கணவர் படியிலிருந்து இறங்கி வேனைக் கிளப்பித் திருப்பினார். மந்தை நின்ற இடத்திலேயே குழம்பிச் சுழன்று, பிறகு அதுவும் ஊர்ப்பக்கம் திரும்பியது. கைகளை வீசிக்கொண்டு திட்டியவர்கள் இருந்தார்கள். ஆனால் ஒருத்தர்கூட மேலே போகவில்லை.

அடுத்து மரப்படி அதிர்ந்தது அத்தைக்காக. பெட்டியைக் கையில் பிடித்தபடியே ஏறி வந்துவிட்டாள். அழுது கண் வீங்கியிருந்தது. தம்பி சுவரோடு சுவராக ஒட்டினான்.

"மடப்பயலே!" என்றாள் அத்தை. "எத்தனை வளர்த்தி, கடுகளவு மூளை வேண்டாம்? ஊர் உசிரெல்லாம் உன் மெஷின் வாயில போயிருக்குமே!"

"தப்புதான் அத்தை."

"என் பேத்தி குரலைக் கேக்கறதுக்கா வெட்டினே?"

அக்கா திடுக்கிட்டாள். "உங்களுக்கு யாரு அத்தை சொன்னது?"

"யாரு சொல்லணும்? இந்தப் பய குளிர் முழுக்க என்னைப் பாக்கும்போதெல்லாம் டவர் சரியாயிடும் அத்தை, டவர் சரியாயிடும் அத்தைன்னுதானே பாடிக்கிட்டிருந்தான்." மூக்கை உறிஞ்சிவிட்டு, மருமகள் பக்கம் திரும்பினாள். "நான் உன்னைப் பாலத்துல நின்னு கண்டபடி பேசிட்டேன்."

"கேள்விப்பட்டேன் அத்தை."

"பேசினது பேசினதுதான், இப்ப எடுக்க முடியாது. அந்த மைக்கை இப்படித் தள்ளு."

அக்கா தள்ளினாள். அத்தை பெட்டியை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்தாள். மேலே இருப்பவர்கள் தூரத்தில் இருப்பதால் சத்தமாகப் பேச வேண்டும் என்று நினைத்துக்கொண்டாளோ என்னவோ, கத்தினாள்.

"அடியே, அம்மாடி! கேக்குதா? இன்னைக்கு வரேன்னு கிளம்பினேன், வர முடியலடி. பாதை திறக்கட்டும், முதல் வண்டியில முன்சீட்டுல நான்தான். குழந்தையைத் தூக்கிட்டு வந்து ரேடியோ பக்கத்துல வை. வெச்சியா? கண்ணு... நான்தான்டா..."

அதற்குமேல் அவளுக்கு வரவில்லை. பதில் வராது என்று தெரிந்தும், மைக்கையே பார்த்துக்கொண்டு காத்திருந்தாள். அக்காதான் மெல்லக் கையை நீட்டி மைக்கை அணைத்தாள்.

போன் மணி அடித்தது.

"ரோடு ஆபீஸ் இன்ஜினியர் பேசறேம்மா," என்றது ஒரு இனிப்பான குரல். "ரேடியோ கேட்டேன். ரொம்ப நல்ல காரியம் பண்ணினீங்க. தம்பி பாவம், சின்னப் பையன், ஏதோ ஆர்வத்துல பண்ணிட்டான். நான் பாத்துக்கறேன். ஆமா... உங்ககிட்ட அவன் என் பேரு ஏதாவது சொன்னானா?"

அக்கா தம்பியைத் திரும்பிப் பார்த்தாள். யார் பேசுகிறார்கள் என்று அவனுக்குக் குரலிலேயே தெரிந்துவிட்டது. வேண்டாம் வேண்டாம் என்று தலையை ஆட்டினான். யாரும் சொல்லல, நானாத்தான் என்று அவன் தரையைப் பார்த்துச் சொன்னது எதற்கு என்று அவளுக்கு இப்போது விளங்கியது. எழுத்தில் உத்தரவு இல்லை. வாயால் சொன்ன உத்தரவு இருந்திருக்கிறது.

"இல்ல சார், அவன் சொல்லல," என்றாள் அவள் நிதானமாக. "நீங்க சொல்றீங்களா?"

அந்தப் பக்கம் தொண்டையைச் செருமுவது மட்டும் கேட்டது.

"நாளைக் காலைச் செய்திக்கு முன்னாடி வந்துடுங்க சார். என் தம்பி உக்காந்த ஸ்டூல்தான், உங்களுக்கும் அதையே போடறேன். நீங்க வந்து சொன்னா நல்லது. வரலைன்னாலும் செய்தி உண்டு."

போனை வைத்தாள். தம்பி தலையில் கை வைத்துக்கொண்டு கீழே உட்கார்ந்துவிட்டான். "போச்சுக்கா. என் வேலை போச்சு."

"போகுதா இருக்குதான்னு நாளைக்குத் தெரியும்," என்றாள் அக்கா. "எதுவா இருந்தாலும் நான்தான் வாசிப்பேன்."

அத்தை மடியிலிருந்த பெட்டியைத் தரையில் இறக்கி வைத்தாள். ஏதோ முடிவுக்கு வந்தவளாக, நல்ல உடுப்பின் சுருக்கத்தை நீவிவிட்டுக்கொண்டாள்.

"நாளைக்குக் காலைல நானும் வரேன்," என்றாள் மருமகளிடம். "அந்த இன்ஜினியர் பக்கத்துல எனக்கும் ஒரு ஸ்டூல் போட்டு வை."